விழிஞ்ஞத்துக்கு வர்ற 400 மீட்டர் கப்பலுக்கு இந்தக் குட்டி டக் எதுக்கு?

ஊரம்புக்காரன்:

மக்களே, ரொம்ப நாளா மனசுல கெடக்குற சந்தேகம். விழிஞ்ஞத்துக்கு பெரிய கப்பல் வருதுன்னு தெரிஞ்சா பைக்கை எடுத்துட்டு பூவார் வழியா ஆழிமலைக்குப் போய் நின்னு பாக்குறது எங்க கூட்டத்துக்கு வழக்கமாயிட்டு. 2024 ஜூலையில சான் பெர்னாண்டோ வந்தப்போ டக்கெல்லாம் (துறைமுகத்துல பெரிய கப்பலை இழுக்குற, தள்ளுற படகு) தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு வரவேற்றதை டிவியில எல்லாரும் பாத்திருப்பீங்க. 2025 ஜூன் 9ஆம் தேதி எம்.எஸ்.சி. ஐரினா வந்துச்சு. நீளம் 399.9 மீட்டர், அகலம் 61.3 மீட்டர், 24,346 டி.இ.யு., அதாவது 20 அடிப் பெட்டிக் கணக்கு, ஏத்தலாம். பக்கத்துல நின்ன டக்கைப் பாத்தா பாவமா இருந்துச்சு.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, பாதி உலகத்தைச் சொந்த எஞ்சின்ல சுத்தி வந்த கப்பலுக்கு கடைசி கொஞ்ச தூரத்துக்கு மட்டும் எதுக்கு இந்தச் சின்னப் படகு? ரெண்டு, இவ்வளவு டக் இங்கேயே இருக்கும்போது மே மாசம் கொச்சி பக்கம் எல்சா 3 கப்பல் சாஞ்சு கெடந்தப்போ போய் இழுத்துட்டு வந்திருக்கக் கூடாதா? அதுல இருந்த பிளாஸ்டிக் குருணை நம்ம கரை வரைக்கும் ஒதுங்குச்சே, அந்தக் கடுப்புல கேக்குறேன்.

சாலை_பஜார்:

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை. துட்டு. நான் திருவனந்தபுரம் சாலை பஜார்ல கடை வச்சிருக்கேன். நம்ம ஆளே லோடு இறக்குவான், பக்கத்துல சும்மா நின்னு பாத்தவனுக்கும் கூலி கொடுத்த காலம் உண்டு. டக் வாடகையும் கடல்ல வாங்குற நோக்குகூலி. கப்பல் தானா வந்து கட்டிக்கிடும், இவங்க பக்கத்துல ஓடிட்டு பில் போடுவாங்க.

பைலட்_ஏணி:

சாலை அண்ணாச்சி சொல்வது சிரிக்க நன்றாக இருக்கிறது. நான் கப்பலில் அதிகாரியாக இருந்து கரையேறியவன், இப்போது பாறசாலையில் இருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கப்பலைத் திருப்புவது சுக்கான். சுக்கான் வேலை செய்ய அதன்மேல் தண்ணீர் பாய வேண்டும். நடுக்கடலில் 18, 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் போகும்போது அந்தப் பாய்ச்சலுக்குக் குறைவே இல்லை. துறைமுகத்துக்குள் வந்து 3 நாட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் சுக்கானை எந்தப் பக்கம் முழுசாகத் திருப்பினாலும் கப்பல் கேட்காது. 400 மீட்டர் இரும்பு, தன் போக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

‘எஞ்சினை ஓட்டி சமாளி’ என்பீர்கள். இந்தக் கப்பல்களில் கியர்பாக்ஸ் கிடையாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நேராகப் புரொப்பல்லர் தண்டில் மாட்டியிருக்கிறது. ஆகக் குறைந்த வேகத்துக்கு ‘டெட் ஸ்லோ’ என்று பெயர். பெரிய கன்டெய்னர் கப்பலில் அந்த டெட் ஸ்லோவே 6, 7 நாட் கொடுத்துவிடும். அதைவிட மெதுவாகப் போக வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்ட வேண்டும். பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் எஞ்சினையே நிறுத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்தி எதிர்ப்பக்கமாகக் கிளப்ப வேண்டும். சேமித்த காற்று தொடர்ந்து 12 முறை கிளப்பப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது கப்பல் தர நிறுவனங்களின் விதி. அதாவது ஒவ்வொரு ‘ஸ்டார்ட்’டும் எண்ணிச் செலவழிக்கிற சரக்கு. அப்படிப் பின்னோக்கி ஓட்டினாலும் கப்பல் நேராகப் பின்வாங்காது. வலச்சுழல் புரொப்பல்லராக இருந்தால் பின்பாகம் இடப்பக்கம் ஒதுங்கும், முன்மூக்கு வலப்பக்கம் போகும்.

முன்னால் பக்கவாட்டில் தள்ள பௌ த்ரஸ்டர் உண்டு. கப்பல் 4, 5 நாட் வேகத்தில் இருந்தால் அதன் பலன் பெரும்பாலும் போய்விடும்.

இவ்வளவும் சேர்ந்து, கடைசியில் கப்பல் ஜெட்டியை (கப்பல் அணைகிற மேடையை) தொடும்போது வேகம் வினாடிக்கு 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிட வேகமாக வந்து மோதினால் ஃபெண்டர் (ஜெட்டியில் இருக்கும் ரப்பர் மெத்தை) நசுங்கும், ஜெட்டியின் கான்கிரீட் பெயரும், கப்பலின் தகடு உள்வாங்கும். அந்த 10 சென்டிமீட்டரைக் கையில் பிடித்துக் கொடுப்பவன் டக். நோக்குகூலியா அண்ணாச்சி?

சாலை_பஜார்:

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து இவ்வளவு பெரிய கப்பலை என்ன செஞ்சிடும்?

களியக்காவிளை_டீச்சர்:

காற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நானே நினைத்தேன். பத்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

பெட்டிகள் நிறைய அடுக்கிய 400 மீட்டர் கப்பலின் ஒரு பக்கத்தைத் தண்ணீருக்கு மேலே அளந்தால் ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நாட் காற்று என்றால் வினாடிக்கு சுமார் 10 மீட்டர். நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், இரண்டையும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஆறரை கிலோ அழுத்தம் வருகிறது. கையில் வாங்கினால் ஆறரை கிலோ சும்மா. 15,000 சதுர மீட்டரில் வாங்கினால் கிட்டத்தட்ட 100 டன்.

காற்று 40 நாட் ஆனால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்: 400 டன். அதனால்தான் காற்று ஒரு அளவைத் தாண்டினால் கப்பலை உள்ளே எடுக்காமல் வெளியே நிறுத்தி வைக்கிறார்கள்.

(நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்துவிட்டது அண்ணாச்சி. டக்கை யாரும் தடை செய்யவில்லை.)

ஊரம்புக்காரன்:

டீச்சர், 100 டன்னா? அப்போ ஒரு டக் எவ்வளவு தள்ளும்?

சுக்கான்:

இதுக்கு நான் வரணும். டக்ல வேலை பாக்குறவன், எந்தத் துறைமுகம்னு கேக்காதீங்க.

டக்கோட பலத்தைச் சொல்ற கணக்கு ‘போலார்டு புல்’. கரையில இருக்குற போலார்டுல (கப்பல் கயிறு கட்டுற இரும்புக் குத்தி) நீள வடத்தைக் கட்டி, நடுவுல எடை காட்டுற மீட்டரை மாட்டி, டக்கை முழு வேகத்துல இழுக்க விடுவாங்க. நகராம நின்னுக்கிட்டே எத்தனை டன் இழுக்குதோ அதுதான் போலார்டு புல். ஒரு நொடி எகிறுன நம்பரைச் சொல்லக் கூடாது, பல நிமிஷத்துக்குத் தாங்கி நின்ன சராசரியைத்தான் எழுதுவாங்க. இப்ப பெரிய துறைமுகங்கள்ல ஓடுற டக் 50லேருந்து 80 டன் வரைக்கும். மோட்டா கணக்கா 5,000 குதிரைத்திறன் இருந்தா 60, 65 டன் கிடைக்கும். டீச்சர் சொன்ன 100 டன் காத்துக்கு எதிரா நிக்க ரெண்டு டக்குக்கும் முழு வேலை. கையில மிச்சம் வேணும்னா மூணாவது வேணும்.

ஆனா பலத்தை மட்டும் பாத்தா டக்கைப் புரிஞ்சுக்க முடியாது. 80,000 குதிரைத்திறன் எஞ்சின் கப்பல்லயே இருக்கு. அது முன்னாலயும் பின்னாலயும் மட்டும்தான் தள்ளும். என் டக்குல 5,000தான், நான் நினைச்ச பக்கம் தள்ளுவேன். இப்ப வர்றதெல்லாம் ஏ.எஸ்.டி. ரகம். அடியில ரெண்டு புரொப்பல்லர், ரெண்டும் குழாய் மாதிரி வளையத்துக்குள்ள, ரெண்டும் 360 டிகிரி சுத்தும். தனியா சுக்கானே கிடையாது (என் பேரைப் பாத்துச் சிரிக்காதீங்க). வீல்ஹவுஸ்ல ரெண்டு கைக்கும் ரெண்டு கைப்பிடி. சரியா பிடிச்சா டக் நண்டு கணக்கா பக்கவாட்டுல நடக்கும், நின்ன இடத்துலயே சுத்தும்.

வேலை இப்படி நடக்கும். துறைமுகத்துக்குள்ள கப்பலுக்கு வழிகாட்டுற பைலட் வெளியிலயே கப்பல் ஏறுவார். ஒரு டக் பின்னால நடுவுல போய் நிக்கும். கப்பல் மேலேருந்து சின்னக் கயிறு எறிவாங்க, முனையில கனமா ஒரு முடிச்சு இருக்கும். அதுல எங்க தூதுக் கயிறைக் கட்டி அனுப்புவோம், அதோட கடைசியில பெரிய வடம் போகும். இப்ப வர்ற வடம் இரும்புக் கம்பி இல்ல, செயற்கை இழை. அதே பலத்துக்கு இரும்புல ஏழுல ஒரு பங்கு எடை, தண்ணியில மிதக்கும். அறுந்தா சும்மா விடாது, அது திரும்பி அடிக்குற பாதையில யாரும் நிக்கக் கூடாது.

பின்னால கட்டுன அந்த டக் இழுக்குறதைவிட பிடிச்சு நிறுத்துற வேலைதான் அதிகம் பாக்கும். பக்கத்துல நிக்குற டக்கெல்லாம் தள்ளும். எங்க வேணா தள்ளக் கூடாது. கப்பல் வயித்துல வெள்ளை பெயின்ட்ல ‘டக்’னு ஆங்கிலத்துல எழுதி அம்புக்குறி போட்டிருக்கும், உள்ள சட்டம் பலமா இருக்குற இடம் அது. ரெண்டு விரற்கடை தள்ளி மூக்கை வச்சா தகடு குழியும், அப்புறம் கடிதம் மேல கடிதம் வரும். வி.எச்.எஃப். ரேடியோவுல பைலட் ‘ஈசி’, ‘ஹாஃப்’, ‘ஃபுல்’, ‘ஸ்டாப்’னு சொல்வார், நாங்க திருப்பிச் சொல்வோம், இல்லன்னா விசில் ஒண்ணு.

பைலட்_ஏணி:

சுக்கான் தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஏ.எஸ்.டி. வந்தபிறகு எல்லாம் எளிது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஒற்றைப் புரொப்பல்லர், நடுவில் கொக்கி, பின்னால் சாதாரணச் சுக்கான் என்று இருந்த பழைய டக்கை வைத்துக்கொண்டு கப்பல் கட்டியவர்களின் கை வேறு. கொச்சியில் காயல் ஓட்டத்தையும் கடல் ஏற்றத்தையும் பார்த்துப் பார்த்து அவர்கள் டக்கை நிறுத்துகிற இடமே தனி. இன்று பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம், கண்பார்வை குறைந்துகொண்டே போகிறது.

சுக்கான்:

சார், மரியாதையோட மறுக்குறேன். அந்தக் காலத்து கை பெருசுதான். அந்தக் காலத்து சாவும் பெருசு.

நடுவுல கொக்கி இருக்குற டக், வடம் நேரா பின்னால போற வரைக்கும் பத்திரம். பின்னால வர்ற கப்பல் வேகமா வந்து டக்கைத் தாண்டிட்டா, இல்ல டக் கொஞ்சம் பின்தங்குனா, வடம் பக்கவாட்டுல இழுக்கும். கப்பலோட எடை முழுசும் டக்கோட விலாவுல. சில நொடியில கவிழ்ந்துடும். ஆங்கிலத்துல ‘கர்ட்டிங்’னு சொல்வாங்க. 2007 டிசம்பர் 19, ஸ்காட்லாந்து கிளைட் ஆறு, மூடுபனி. ‘ஃப்ளையிங் ஃபேன்டம்’னு ஒரு டக், பெரிய சரக்குக் கப்பலோட முன்னால கட்டி இழுத்துட்டு இருந்துச்சு. கவிழ்ந்துச்சு. நாலு பேருல மூணு பேரு போனாங்க. அவசரமா வடத்தை விடுவிக்கிற பொத்தான் இருந்துச்சு, அமுக்கவும் செஞ்சாங்க, வடம் நேரத்துக்குக் கழலலை.

எங்க ஆளுங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்குறது அந்தப் பொத்தான் எங்க இருக்குங்கிறதுதான். எவ்வளவு இழுக்கணும்கிறதெல்லாம் அப்புறம். ஏ.எஸ்.டி.யில வடம் முன்னால வின்ச்சுலேருந்து (வடம் சுத்துற உருளை) போகுது, டக்கோட தள்ளுசக்தி பின்னால இருக்கு. வடம் எந்தப் பக்கம் இழுத்தாலும் டக் தானா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிடும். அதனால கவிழ்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு. எனக்கு வீட்டுல பிள்ளைங்க இருக்கு சார், அந்தக் காலத்துக் கண்பார்வை எனக்கு வேண்டாம்.

பைலட்_ஏணி:

கடைசி வரிக்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. ஆனால் ஏ.எஸ்.டி.யிலும் ஒரு வேலை இருக்கிறது, அதில் கண் வேண்டும். ஓடுகிற கப்பலின் முன்மூக்குக்கு நேர் முன்னால், முகத்துக்கு முகம் காட்டி, பின்பக்கமாக ஓடிக்கொண்டே வடம் வாங்குவது. கப்பலின் மூக்குப் பக்கம் தண்ணீர் அழுத்தம் கூடுதல், கொஞ்சம் தள்ளி தோள்பட்டைக்குப் பிறகு அழுத்தம் குறைவு. அந்த எல்லையில் டக் ஒரு பக்கம் தள்ளப்படும், அடுத்த நொடி கப்பல் பக்கம் உறிஞ்சப்படும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்குக் கீழே டக் இருப்பதே தெரியாது. கப்பல் 6 நாட்டுக்கு மேல் வந்தால் நான் அந்த வேலையைச் செய்யச் சொல்லவே மாட்டேன்.

தூத்தூர்_அலை:

நல்ல பேச்சு நடக்குது, நானும் கொஞ்சம் சொல்லுதேன். நாங்க ஆழ்கடலுக்குப் போற ஆளுங்க. லட்சத்தீவு, மங்களூர், குஜராத் பக்கம்னு தங்கல் தொழில். எஞ்சின் படுத்த போட்டை இன்னொரு போட்டு கட்டி இழுத்துட்டு வர்றது எங்களுக்குப் புதுசு இல்ல. துறைமுகத்துக்குள்ள டக் செய்யுற வேலையும், கடல்ல இழுக்குற வேலையும் ரெண்டும் ரெண்டு.

துறைமுகத்துல வடம் குட்டையா இருக்கணும். கடல்ல குட்டையா கட்டுனா செத்தோம். முன்போட்டு அலை மேல ஏறும்போ பின்போட்டு அலைக்குக் கீழ கெடக்கும், வடம் சுண்டும், ஒண்ணுல வடம் அறும், இல்ல கட்டுன கட்டையே பேந்துட்டு வரும். ரெண்டு போட்டும் ஒரே நேரம் ஏறி ஒரே நேரம் இறங்குறாப்பில நீளத்தைச் சரிபண்ணணும். நீளமா விட்டா வடத்தோட வயிறு தண்ணிக்குள்ள தொங்கும், அந்தத் தொங்கல்தான் சுண்டலை வாங்கிக்கிடும். பெரிய டக்காரனும் இதைத்தான் செய்யுதான், அவன் பல நூறு மீட்டர் இரும்பு வடத்தை விடுதான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நம்ம பசங்களுக்கு. இதைப் படிக்கிற எல்லா போட்டு ஆளும் மனசுல வையுங்க. ராத்திரி எதிர வர்ற கப்பல்ல ஒரே கம்பத்துல ஒண்ணுக்கு நேர் கீழ ஒண்ணா ரெண்டு வெள்ளை லைட் இருந்தா அது இழுத்துட்டு வருது. மூணு இருந்தா டக்குக்குப் பின்னால 200 மீட்டருக்கு மேல இழுவை நீண்டு கெடக்கு. பெரிய கப்பலுக்கும் ரெண்டு வெள்ளை லைட் உண்டு, ஆனா அது முன்னால ஒரு கம்பம், பின்னால ஒரு கம்பம். பின்னாலேருந்து பாத்தா வெள்ளைக்கு மேல மஞ்சள் லைட். இழுபடுற சாதனத்துல கம்பத்து வெள்ளை லைட்டே இருக்காது, பச்சையும் சிவப்பும் பின்லைட்டும் மட்டும், அதுவும் மங்கிக் கெடக்கும். ‘டக்கு போயிட்டு, இனி வழி காலி’ன்னு நடுவுல விட்டா வடம் போட்டோட அடியை வாரிட்டுப் போவும். எங்க பக்கத்துல ஒரு போட்டுக்காரன் வலையை அப்படித்தான் ஒரு டக் கொண்டு போச்சு. நஷ்டம் கேட்டு அலைஞ்சும் ஒண்ணும் கெடைக்கல. பகல்ல ஆனா, இழுவை 200 மீட்டருக்கு மேல இருந்தா டைமண்ட் வடிவுல கறுப்பு அடையாளம் தொங்கும்.

விழிஞ்ஞம்_தெக்கு:

டக்கை எல்லாம் பெருசா பேசுங்க. இந்தத் துறைமுகம் வந்தபிறகு எங்க கரை போன கதையை எவன் பேசுவான்? புலிமுட்டு போட்டு

மட்டுறுத்துநர்:

மேலே உள்ள பதிவின் மீதியையும் அதற்கு வந்த ஒன்பது பதில்களையும் ‘கடலரிப்பும் புலிமுட்டும்: கொல்லங்கோடு முதல் வலியதுறை வரை’ இழைக்கு மாற்றியிருக்கிறேன். அது முக்கியமான விஷயம், அங்கே தனியாகப் பேசலாம். இங்கே டக் மட்டும்.

ஊரம்புக்காரன்:

தூத்தூர் அண்ணே, லைட் விஷயத்தை எங்க ஊர் குரூப்புல போட்டுட்டேன். ஆனா என் ரெண்டாவது கேள்வியை எல்லாரும் நைசா தாண்டிட்டீங்க. எல்சா 3?

பைலட்_ஏணி:

தாண்டவில்லை. தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

எம்.எஸ்.சி. எல்சா 3 விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. 2025 மே 24 பிற்பகல் 26 டிகிரி சாய்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது, கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல். மறுநாள் காலை மூழ்கிவிட்டது. 640 பெட்டிகள், அவற்றில் 13இல் ஆபத்தான சரக்கு, 12இல் கால்சியம் கார்பைடு. 24 பேரும் பிழைத்தார்கள், அது பெரிய ஆறுதல்.

டக்கால் என்ன செய்ய முடியும்? மிதக்கிற கப்பலை இழுக்க முடியும். ஓட்டம் இழந்து கரைக்கு அடித்து வருகிற கப்பலைத் தடுத்து நிறுத்த முடியும். சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலை நிமிர்த்த முடியாது. கப்பலுக்குள் தண்ணீர் எங்கே போகிறது, எந்தத் தொட்டியை நிரப்ப வேண்டும், எதைக் காலி செய்ய வேண்டும் என்று பார்ப்பது மீட்புக் குழுவின் வேலை. 26 டிகிரி சாய்ந்த தளத்தில் வடத்தைக் கட்ட யார் முன்னால் போவது? மழைக்கால அலையில் பக்கவாட்டு இழுப்பு கொடுத்தால் சாய்வு இன்னும் கூடத்தான் வாய்ப்பு. ஒரு நாளுக்குள் எல்லாம் முடிந்துபோன கதை அது.

துறைமுக டக்கை அங்கே அனுப்பலாமா என்பதற்குத் தூத்தூர்க்காரர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். துறைமுக டக் சுமார் 30 மீட்டர் நீளம் இருக்கும், குட்டை வடம், அலைக்குள் நாள்கணக்கில் நிற்கும் அமைப்பு இல்லை. கடலில் இழுக்க வேறு கப்பல் வேண்டும். 70, 80 மீட்டர் நீளம், பின்தளத்தில் பெரிய வின்ச், தீயணைக்கும் பீரங்கி, மீட்பு ஆட்கள்.

அதையும் பார்த்தோம். ஐரினா விழிஞ்ஞம் வந்த அதே 2025 ஜூன் 9, கண்ணூர் அழீக்கல் பக்கம் நடுக்கடலில் வான் ஹாய் 503 தீப்பிடித்தது. 22 பேரில் 18 பேரை மீட்டார்கள், 4 பேரைக் காணவில்லை. கப்பல் எரிந்துகொண்டே கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. கடற்படை ஹெலிகாப்டரிலிருந்து மீட்பு ஆட்களை எரிகிற கப்பலில் இறக்கி, வடம் மாட்டி, ஆழ்கடல் டக் கரையைவிட்டு விலக்கி இழுத்துப் போனது. அது நடக்காவிட்டால் இன்னொரு குவியல் நம் கரையில் ஒதுங்கியிருக்கும்.

தூத்தூர்_அலை:

அந்த ஹெலிகாப்டர்லேருந்து இறங்குனவனுக்குத்தான் முதல் மாலை போடணும். எரியுற இரும்புல கால வச்சு வடம் கட்டுறது லேசுபட்ட காரியமா?

எங்க போட்டுங்க இந்தக் காத்துக்காலத்துல என்ன பாடுபடும்னு உங்களுக்குத் தெரியும். 2021 மே மாசம் டௌதே புயல்ல மும்பை பக்கம் பி-305 பார்ஜ் மூழ்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே புயல்ல வரப்ரதான்னு ஒரு டக்கும் போச்சு. 13 பேருல ரெண்டு பேருதான் மிஞ்சுனது. மத்தவனைக் காப்பாத்துற வண்டியே போன கதை அது, அதை யாரும் அவ்வளவா பேசல.

சாலை_பஜார்:

சரி, ஏத்துக்கிடுதேன்னு சொல்லலை, ஆனா கேக்குறேன். கடல்ல இப்படி மீட்டா யாரு துட்டு கொடுப்பா? வாடகை மணிக்கணக்கா?

பைலட்_ஏணி:

உங்களுக்குப் பிடித்த கேள்வி அண்ணாச்சி. துறைமுகத்துக்குள் விலைப்பட்டியல் உண்டு, கப்பலின் அளவைப் பொறுத்துக் கட்டணம். நடுக்கடல் மீட்புக்கு ஒரு பழைய லண்டன் ஒப்பந்தம் இருக்கிறது, லாய்ட்ஸ் ஓபன் ஃபார்ம். 1908லேயே அச்சடித்த படிவம். சாரம் இதுதான்: மீட்டால் காசு, மீட்கவில்லை என்றால் ஒன்றும் கிடையாது. மீட்டபிறகு கப்பல், சரக்கு ஆகியவற்றின் மதிப்பு, இருந்த ஆபத்து, காட்டிய திறமை எல்லாம் பார்த்து நடுவர் தொகை முடிவு செய்வார். எண்ணெய்க் கசிவைத் தடுக்க உழைத்தவனுக்குக் கப்பல் போனாலும் செலவைக் கொடுக்க வேண்டும் என்று பிறகு விதிகள் சேர்ந்தன. சும்மா நின்றவனுக்கு எதுவும் இல்லை.

வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையைத் தாண்டிப்போன கப்பலே சாட்சி. எம்.வி. விஸ்டம் என்ற பழைய கன்டெய்னர் கப்பலை 2011 ஜூனில் கொழும்பிலிருந்து குஜராத் அலங்குக்கு, உடைப்பதற்காக, டக் கட்டி இழுத்துப் போனார்கள். ஆளில்லாக் கப்பல். மும்பை அருகே வடம் அறுந்தது, கப்பல் போய் ஜுஹு கடற்கரையில் மணலில் உட்கார்ந்தது. மழைக்காலத்தில் செத்த கப்பலை இழுத்துக்கொண்டு மேற்குக் கரையில் போவதே எனக்கு ஒப்பாத காரியம். உடைப்புக் காசு அவசரம், வேறென்ன.

களியக்காவிளை_டீச்சர்:

என் மாணவர்கள் கேட்டது: 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் மாட்டிக்கொண்டபோது டக் இழுத்துத்தானே வெளியே எடுத்தார்கள்? அப்படியானால் பலம்தானே முக்கியம்?

சுக்கான்:

நல்ல பிள்ளைங்க டீச்சர். மார்ச் 23ல மாட்டுச்சு, 29ல மிதந்துச்சு. 400 மீட்டர் கப்பல், மூக்கு கரைக்குள்ள குத்தி நின்னுச்சு. சின்ன டக்கெல்லாம் நாள்கணக்கா இழுத்தும் அசையல. கடைசியில டச்சுக்காரன் டக் ‘ஆல்ப் கார்ட்’ வந்துச்சு, 280 டன்னுக்கு மேல போலார்டு புல். ஆனா அதுக்கு முன்னாலயே தோண்டிக்கப்பல் மூக்குக்கு அடியில மணலை வாரி எடுத்திருந்துச்சு, அதோட பௌர்ணமி ஏத்தம் தண்ணியைத் தூக்குச்சு. மூணும் ஒரே நேரம் கூடினப்போதான் கப்பல் எழும்புச்சு. ஏத்தம் இல்லாம 280 டன் இழுத்திருந்தா வடம் போயிருக்கும், இல்ல போலார்டு போயிருக்கும்.

எனக்கு அதைவிட மனசுல நிக்குறது அமெரிக்காவோட பால்டிமோர். 2024 மார்ச் 26, ‘டாலி’ங்கிற கப்பல். கிட்டத்தட்ட 300 மீட்டர். ஜெட்டியிலேருந்து ரெண்டு டக் பிடிச்சு ஓடைக்குள்ள விட்டுட்டு, வழக்கப்படி வடத்தைக் கழட்டிட்டுத் திரும்பிடுச்சு. கொஞ்ச நேரத்துல கப்பல்ல கரண்ட் போச்சு, எஞ்சின் நின்னுச்சு, பாலத்தூண்ல மோதுச்சு. பாலத்து மேல வேலை பாத்த 6 பேரு செத்தாங்க. டக் இன்னும் கட்டியே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எங்க ஆளுங்க இன்னும் பேசுறாங்க. பின்னால வடத்தோட ஒரு டக் பாலம் தாண்டுற வரைக்கும் கூடவே வந்திருந்தா திருப்பியிருக்கலாம்னு நான் சொல்வேன். எண்ணெய்க் கப்பலுக்கு சில துறைமுகத்துல அப்படித்தான் கூடவே போறாங்க.

பைலட்_ஏணி:

அந்த வேகத்தில், அந்த எடையில், எத்தனை நிமிடம் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டியிருந்தாலும் உறுதி சொல்ல மாட்டேன். கூடவே வர வேண்டும் என்பதில் மட்டும் தம்பியோடு ஒத்துப்போகிறேன்.

சாலை_பஜார்:

பாலம் உடைஞ்ச செலவைப் பாத்தா ரெண்டு டக் வாடகை சில்லறைதான். இதை வியாபாரியா சொல்லுதேன். நோக்குகூலிங்கிற வார்த்தையை மட்டும் திரும்ப வாங்க மாட்டேன், பழகிப்போச்சு.

ஊரம்புக்காரன்:

அண்ணாச்சியை இவ்வளவு தூரம் இறக்குனதே பெருசு. இந்த எலெக்ட்ரிக் டக்னு ஒரு செய்தி பாத்தேன், அது உண்மையா?

சுக்கான்:

உண்மை. நியூசிலாந்து ஆக்லாந்துல 2022லேருந்து ‘ஸ்பார்க்கி’ன்னு ஒண்ணு ஓடுது, 70 டன் போலார்டு புல், முழுக்க பேட்டரி. நம்ம மத்திய அரசும் 2024 ஆகஸ்ட்ல பசுமை டக் திட்டம்னு அறிவிச்சிருக்கு. முதல் கட்டத்துல நாலு துறைமுகம், அதுல நம்ம தூத்துக்குடியும் ஒண்ணு. டக்குக்கு பேட்டரி பொருந்தும், ஏன்னா பாதி நேரம் சும்மா காத்துக் கெடப்போம், கொஞ்ச நேரம் முழு பலம். ஆழ்கடல் இழுவைக்கு இப்போதைக்கு டீசல்தான்.

தூத்தூர்_அலை:

கடைசியா ஒரு கேள்வி சுக்கான் தம்பி. என் அக்கா மகன் பத்தாவது பாஸ், போட்டுல சின்ன வயசுலேருந்து வர்றான், வடம், முடிச்சு, காத்து, நீவாடு (கடல் நீரோட்டம்) எல்லாம் கையில இருக்கு. டக்குல சேர வழி உண்டா? ஏஜென்ட் ஒருத்தன் பணம் கேக்குதான்.

சுக்கான்:

அண்ணே, முதல்ல அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

வழி இருக்கு. டெக்குல சேர ஜி.பி. ரேட்டிங்னு கப்பல் ஊழியர் கோர்ஸ், ஆறு மாசம். பத்தாவதுல அறிவியல், கணக்கு, ஆங்கிலம் மார்க் பாப்பாங்க, வயசு 25க்குள்ள இருக்கணும், கண் பரிசோதனையில நிறக்குருடு இருக்கக் கூடாது. டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசோட கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகாரம் உள்ள கல்லூரிப் பட்டியல் அவங்க தளத்துலயே இருக்கு, அதுல பேரு இருந்தா மட்டும் போங்க. முடிச்சா சி.டி.சி. புத்தகம், அதாவது கப்பல் ஊழியருக்கான அடையாளப் புத்தகம், கிடைக்கும். மீன்பிடிக் கப்பல்ல ஸ்கிப்பரா மேல வரணும்னா அது தனி வழி, கொச்சியில சிஃப்நெட்னு மத்திய அரசோட மீன்வளப் பயிற்சி நிறுவனம் இருக்கு, அந்தச் சான்றிதழ் டக்குல அப்படியே செல்லாது.

நீவாடு தெரிஞ்ச பையன் எங்களுக்கு வேணும், உண்மையைச் சொல்றேன். கல்லூரியில படிச்சு வர்ற பசங்களுக்கு வடம் எப்ப சுண்டப் போகுதுன்னு கண்ணால பாத்துத் தெரியுறது இல்ல. இன்டோஸ் நம்பர் (கடலோடிகளுக்கான பதிவு எண்) முதல்ல எடுத்துடுங்க, அது இல்லாம எந்தக் கோர்ஸுலயும் சேர முடியாது. மார்க் ஷீட்டை எனக்குத் தனிச்செய்தியில அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.